‘ஆனால்’ சொல்லுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரியா ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் அவளுக்குப் பாதி வேலை. எழுதுவது என்று சொல்லக் கூடாது. என்ன விஷயம் என்று இவள் நாலு வார்த்தை தட்டினால் கம்ப்யூட்டரே முழுக் கடிதத்தையும் எழுதித் தந்துவிடுகிறது. போன மாதம் அப்படி வந்த ஒன்றைப் போனில் காட்டி, “ஆன்ட்டி, சரியா இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில், ‘லாம்’ என்பதற்கு இங்கிலீஷில் போடும் ‘மே’ மூன்று இருந்தது.

“ஏன் கண்ணு, சரக்குப் போகுமா, போகாதா?”

“கண்டிப்பா போயிரும் ஆன்ட்டி.”

“அப்புறம் எதுக்கு எல்லாமே போனாலும் போகலாம், வந்தாலும் வரலாம்னு இருக்குது?”

அவள் சிரித்துவிட்டு மூன்றில் இரண்டை மாற்றினாள். பிறகு, “நீங்க இங்கிலீஷ் எங்க படிச்சீங்க?” என்று கேட்டாள். படிக்கவில்லை, ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன் என்றேன். அந்தக் கதையை எழுதித் தாருங்கள் என்று விடாமல் கேட்டாள். அவளுக்காக எழுதியது இது.

நான் ஊத்துக்குளிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, அறுபதுகளின் கடைசியில் திருப்பூருக்கு ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தையலிலும் செக்கிங்கிலும் நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஆபீஸ் அறையில் நான் ஒருத்திதான். மேசை, ஒரு டைப்ரைட்டர், கார்பன் தாள், வருகிற கடிதத்துக்கெல்லாம் பதில். இதுதான் என் உத்தியோகம்.

எனக்கு மேலே இரண்டு பேர். முதலாளிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் ஆபீசை விட்டுப் போகும் எந்தக் கடிதத்தையும் தமிழில் கேட்காமல் விடமாட்டார். தினமும் பத்து மணிக்கு நான் கடிதக்கட்டோடு போய் நிற்பேன். அவர் கையில் எப்போதும் ஒரு துண்டுத் துணி இருக்கும். அதை இழுத்து இழுத்து விட்டபடியே கேட்பார். நான் ‘ஆனால்’ என்கிற இடத்துக்கு வந்ததும் இழுப்பது நின்றுவிடும்.

“சித்த இரு அம்மிணி. ஆனாவுக்கு இக்கட்டால இருக்கறதெல்லாம் மரியாதை. அக்கட்டால என்ன இருக்குது, அதையப் படி.”

இன்னொருவர் மேனேஜர் சிவசாமி சார். இன்டர்மீடியட்வரை படித்தவர். இங்கிலீஷ் என்றால் அவருக்கு உயிர், அதிலும் ‘சர்ட்டன்லி’, ‘பாசிப்ளி’ என்று ‘லி’யில் முடிகிற சொற்கள் என்றால் கேட்கவே வேண்டாம். நின்றுகொண்டுதான் கடிதம் சொல்வார். ‘சர்ட்டன்லி’ வரும்போது பேனாவின் அடிப்பக்கத்தால் என் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். கையெழுத்துப் போடும்போது கடிதத்தைப் படிக்கமாட்டார். தன்னுடைய ‘லி’கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று மட்டும் கண்ணை ஓடவிட்டு, இருந்தால் உடனே கையெழுத்து.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் சார் லீவு. முதலாளியே என்னைக் கூப்பிட்டுப் பம்பாய்க்கு ஒரு கடிதம் சொன்னார். அங்கே பாட்லிவாலா என்ற பார்சி ஒருவர் எங்களிடம் சரக்கெடுத்துக் கப்பலில் அனுப்புகிறவர்.

“பதினஞ்சாந் தேதிக்குள்ள அனுப்பிப் போடலாமுங்க. ஆனா மழ புடிச்சா ஒரு நாள் முன்னப்பின்ன ஆவலாமுங்க. இவ்வளவுதான் சேதி.”

சலவைத் துணியை வெயிலில் காயப்போட்ட காலம் அது. மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். டைப்ரைட்டிங் வகுப்பில் ‘லாம்’ என்றால் ‘மே’ என்று படித்திருந்தேன். இரண்டு ‘லாமு’க்கும் இரண்டு ‘மே’ போட்டேன். அனுப்பினாலும் அனுப்பலாம், தாமதமானாலும் ஆகலாம். நான்காம் நாள் தந்தி வந்தது: சரக்கு வருமா, வராதா?

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “நாந்தான் அனுப்பிப் போடலாமுன்னு அடிச்சுச் சொன்னேனே!”

அன்று ரயிலில் ஊர் திரும்பும்போது யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ‘செஞ்சு போடலாமுங்க’ என்றால் முடிந்தமாதிரி. ‘பாக்கலாமுங்க’ என்றால் நடக்காது என்று அர்த்தம்; அதற்குமேல் கேட்டால் நாம்தான் விவரமில்லாதவர்கள். இரண்டிலும் இருப்பது அதே ‘லாம்’. கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பம்பாய்க்காரருக்கு முகம் தெரியாது, தாள்தான் தெரியும். மறுநாள் வேறு மாதிரி எழுதினேன்: பதினைந்துக்குள் நிச்சயமாக அனுப்புவோம், மழை வந்தால் மட்டும் ஒருவேளை ஒரு நாள் தள்ளிப்போகக்கூடும். ஒரு பக்கம் ‘ஷல்’, கூடவே ‘சர்ட்டன்லி’. மறுபக்கம் ‘மைட்’, கூடவே ‘பாசிப்ளி’. ஒரு பக்கம் உறுதியாக நின்றது. மறுபக்கம் கொஞ்சம் நெளிந்தது. பாட்லிவாலா அதற்குப் பிறகு தந்தி அடிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் ‘ஆனால்’ என்கிற ‘பட்’டுக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்றுதான் பார்ப்பேன். ஒரு தடவை லாரியில் போன இரண்டு பேல் பனியன்கட்டு நனைந்து கெட்டுப்போனது. லாரி ஆபீஸ்காரர், மழைக்கு நாங்கள் என்ன செய்வது என்று சொல்லிவிட்டார். நான் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். “மழையை நிறுத்த உங்களால் எப்படியும் முடிந்திருக்காது, ஆனால் தார்ப்பாயை விரிக்க நிச்சயமாக முடிந்திருக்கும்.” இரண்டு பக்கமும் அதே ‘குட்’தான், ‘கேன்’ என்பதன் இறந்தகாலம். ஒன்றில் ‘நாட் பாசிப்ளி’, மற்றதில் ‘சர்ட்டன்லி’. எழுதிவிட்டு எனக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த லாரி ஆபீஸ்காரர் எங்கள் ஆபீசுக்கே வந்து நின்றார். கையில் என் கடிதம்.

“ஏனுங்க, இதுல என்னமோ இங்கிலீசுல வந்திருக்குது. எங்காபீசுல படிக்கறவனுக்குக் காய்ச்சலுங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?”

அவரைத் திட்டி எழுதியதை அவருக்கே தமிழில் படித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. நெளிந்துகொண்டே படித்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“நாயமாத்தானுங்க எழுதியிருக்குது. தார்ப்பாய் விரிச்சுத்தானுங்க இருந்துச்சு. என்ன ஒண்ணு, டிரைவர் அதைய அவம்மேல விரிச்சுப் படுத்திருந்தான்.”

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகத்தான் நாலைந்து வருஷம் போனது. பிறகு வந்தது அந்தச் சலவை விவகாரம்.

எழுபதுகளின் தொடக்கம். பாட்லிவாலா அதுவரை தராத அளவுக்குப் பெரிய ஆர்டர் தந்திருந்தார். கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி சொந்தத்தில் கல்யாணம் என்று மடத்துக்குளம் போயிருந்தார். மேனேஜர் சார் அவசரம் அவசரமாகச் செக்கிங்கைப் பாதியில் நிறுத்தி, பேல் கட்டிச் சரக்கைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்.

அனுப்பிய இரண்டாம் நாள் காலை, செக்கிங்கில் இருந்த பாப்பாத்தியக்கா ஒரு பனியனைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார். அனுப்பிய அதே சரக்கில் மிச்சமிருந்தது.

“விரலை உட்டுப் பாருங்க அம்மிணி.”

பால்போல வெளுத்த பனியன். விரலை வைத்து லேசாக அழுத்தினேன். துணியைத் துளைத்துக்கொண்டு விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

“சலவைப் பட்டறையில ரெண்டு தரம் வெளுக்கற பவுடரைக் கொட்டிப்போட்டானுக. நூலு வெந்துபோச்சு. மேனேஜர்கிட்டச் சொல்லியாச்சுங்க. அவரு பேசாமப் போயிட்டாரு.”

சிறிது நேரத்தில் சார் வந்தார். கடிதம் சொல்ல வேண்டும் என்றார். அன்று அவர் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாட்லிவாலாவுக்கு ஒரே ஒரு முக்கியமான வாக்கியம். அதன் தமிழ் இது: “சில உருப்படிகள் ஒருவேளை கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் இருக்கலாம், ஆனால் சரக்கு நிச்சயமாகத் திருப்தி தரும்.”

‘சர்ட்டன்லி’ வந்தபோது மேசையில் தட்டு விழவில்லை.

“சார், விரல் உள்ள போகுதுங்க” என்றேன்.

“எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு தொவைப்புத் தாங்கும். அதுக்குள்ள சரக்கு கடலத் தாண்டிரும். நீங்க அடிங்க.” கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில் சொன்னார்: “செக்கிங்க நிறுத்துனது நானுங்க.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ தெரியாத ஊரில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு அந்தப் பனியனை மாட்டும்போது கையோடு கிழிந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். ‘மே’ போட வேண்டிய விஷயமே இல்லை அது. நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோலச் சொல்ல அந்தச் சின்னச் சொல்லை அனுப்புகிறோம்.

தாளை மாட்டினேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றினேன்: “சரக்கு ஒருவேளை திருப்தி தந்தாலும் தரலாம், ஆனால் சில உருப்படிகள் நிச்சயமாகக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும்.”

சார் கண்ணை ஓடவிட்டார். ‘பாசிப்ளி’ இருந்தது. ‘சர்ட்டன்லி’ இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதம் தபாலில் போய்விட்டது.

அப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலை போய்விடும் என்று நினைத்தேன். தம்பி படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான். வாரக் கடைசியில் தந்தி வந்தது. சரக்கைக் கப்பலில் ஏற்றவில்லை, நேரில் வருகிறேன் என்று இரண்டே வரி. சார் முகம் வெளிறிப்போனது. தான் மூடி எழுதியும் எப்படியோ தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். முதலாளி கல்யாணத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். சலவை விஷயம் பாப்பாத்தியக்கா மூலம் அவருக்கும் தெரிந்துவிட்டது. பம்பாய்க்காரர் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

பாட்லிவாலா வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். உட்கார்ந்ததும் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, “இதை எழுதியது யார்?” என்று இங்கிலீஷில் கேட்டார். நான் முதலாளிக்குத் தமிழில் சொன்னேன்.

மேனேஜர் சார் எழுந்து நின்றார். என்ன ஆனாலும் சரி, பழி தன்மேல்தான் என்று முடிவு செய்துவிட்டார்போல. “நான்தான்” என்றார்.

பாட்லிவாலாவும் எழுந்தார். சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷ வியாபாரத்தில், தன் சரக்கு நிச்சயமாகப் பழுது என்று எழுதிய ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எல்லோரும் பழுதுக்கு ‘மே’ போட்டு, திருப்திக்கு ‘வில்’ போடுவார்கள். நீங்கள்தான் மாற்றிப் போட்டீர்கள் என்றார். சார் ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு மெதுவாகக் கார்பன் பிரதி இருந்த ஃபைலை எடுத்துப் புரட்டினார். படித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அவரால் என்ன செய்ய முடியும்? இது என் கடிதமில்லை என்றால், உண்மையில் சொன்னது என்ன என்று சொல்ல வேண்டும். ஃபைலை மூடிவிட்டு, “தேங்க் யூ சார்” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பி, “கடுதாசியைப் படி அம்மிணி” என்றார். தமிழில் படித்தேன். ‘ஆனால்’ வந்ததும் முதலாளி துணியை இழுப்பது நின்றது. சாரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பழைய சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த கப்பலுக்குப் புதுச் சரக்கு தருவதாகவும் பேசி முடித்தார்கள். பாட்லிவாலா இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார்.

“மேனேஜரு சொன்னது இதேதானா?”

“இல்லீங்க. நான் மாத்துனனுங்க.”

கையில் இருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: “நீ எழுதுனது நெசம். ஆனா, ஒருத்தரு கையெழுத்துக்கு மேல அவருக்குத் தெரியாம எழுதிப் போட்டயே, அது தப்பு அம்மிணி. என்னையக் கேட்டிருக்கோணும். மடத்துக்குளம் என்ன சீமையிலயா இருக்குது?”

ஆனாவுக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் அவருக்கு விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தப்பை அங்கே வைத்துவிட்டார். நேராகப் போய்ச் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “சரி, போ” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டும்போதுகூட ‘ங்க’ போடுவார்கள். அன்றிலிருந்து சார் என்னிடம் மட்டும் ‘ங்க’வை நிறுத்திவிட்டார். கடிதத்தைச் சொல்வதும் நின்றது. கைப்பட எழுதித் தருவார். நான் அடித்து வந்ததும் ஸ்கேலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒரு தடவை முற்றுப்புள்ளிகளைக்கூட எண்ணினார். அடுத்த கப்பலுக்குச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பாட்லிவாலா எழுதிய பாராட்டுக் கடிதமோ சார் பெயருக்கு வந்தது. அதை என் மேசைக்கு வராமலே ஃபைலில் வைத்துவிட்டார்.

இப்படி ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சார் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

அவருக்கு ஒரே மகள், வள்ளி. நாக்பூரில் குடியேறிவிட்ட அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் தம் பையனுக்குப் பெண் கேட்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. அதனால் கடிதப் போக்குவரத்து இங்கிலீஷில். சார் எழுதியிருந்ததைப் படித்தேன். பெண்ணுக்கு ஒருவேளை காது கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால் நிச்சயமாக உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவள்.

“இதுல எதை எங்க மாத்தி வெக்கோணும்?” என்று கேட்டார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை.

“காது கேக்குதுங்களா, கேக்காதுங்களா சார்?”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சின்னதுல காய்ச்சல் வந்துச்சுங்க. இடது காது சுத்தமாக் கேக்காதுங்க. வலது நல்லாக் கேக்குமுங்க.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த அந்த ‘ங்க’ என்னை என்னவோ செய்தது.

“அப்ப அதையவே எழுதிருங்க சார். ‘மே’ வேண்டாம், ‘வில்’லும் வேண்டாம்.”

“ஒரு ‘சர்ட்டன்லி’யாவது?”

“அதுவும் வேண்டாங்க.”

பேனாவைத் திறந்தார். இடது காது கேட்காது என்று ஒரு வரி. வலது காது நன்றாகக் கேட்கும் என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் பேனா நின்றது.

“ஒரு ‘பட்’ போட்டுக்கலாமுங்களா?”

“போட்டா எதையோ சமாளிக்கற மாதிரி இருக்குமுங்க. இருக்கறதச் சொல்றோம், அவ்வளவுதானுங்களே.”

போடவில்லை. என்னை டைப் அடிக்கச் சொல்லாமல் அவர் கையெழுத்திலேயே அனுப்பினார்.

ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. சார் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நான் குனிந்துகொள்வேன். இந்தத் தடவை கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு ஒரு கார்டு வந்தது. குடும்பத்தோடு வருகிறோம், இன்ன தேதி. காது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. படித்தார்களா, படித்தும் கண்டுகொள்ளாமல் விட்டார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்கும் அன்று சார் என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். கூடத்தில் பாய் விரித்து, மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வள்ளி காபித் தட்டோடு வந்து, எல்லோர் முன்னாலும் டம்ளரை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை. நாற்காலி அவளுக்கு இடது பக்கம் இருந்தது. சார் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து போய் மாற்றினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும், மாற்றாவிட்டால் பெண் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவர் கை வேட்டி நுனியைப் பிசைந்தது.

பையன் எழுந்தான். நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, காபி டம்ளர்களை மிதித்துவிடாமல் பாய்மேல் மெதுவாக நடந்து, அவளுடைய வலது பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தான்.

“எங்க ஊருல வெயில் ரொம்ப ஜாஸ்தி” என்றான், வடக்கத்தி வாடை அடிக்கும் தமிழில். “பரவாயில்லையா?”

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். “இங்க மட்டும் கொறைச்சலுங்களா?” என்றாள்.

கூடமே சிரித்தது. சார் மட்டும் காபி ஆற்றப் போவதுபோலச் சமையலறைக்குள் போனார். காபிதான் ஏற்கெனவே எல்லோர் முன்னாலும் இருந்தது.